பேசாமல் இருக்கச் சொன்ன மகனுக்கு

மக்கா, நீ அப்பாவுக்கு எழுதிய கடிதம் வந்தது. அவர் வழக்கம்போல் நடு வீட்டில் உட்கார்ந்து எனக்குப் படித்துக் காட்டினார். ரயிலில் கூட்டம் இல்லை, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே அறை கிடைத்துவிட்டது, தலைமையாசிரியர் நல்ல மாதிரி, சாப்பாட்டில்தான் உறைப்பு இல்லை என்றெல்லாம் படித்தவர், கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் தொண்டையைச் செருமிவிட்டு மடித்து வைத்துவிட்டார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்தச் செருமல் தெரியாதா? வாங்கி நானே படித்தேன். 'வேலை நிரந்தரமாகும் வரைக்குமாவது அம்மா வாயைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லுங்கள்' என்று எழுதியிருக்கிறாய். அதை எனக்கே எழுதத் தைரியம் இல்லாமல், வாயில்லாப் பூச்சியான மனுஷனிடம் தூது விட்டிருக்கிறாய். கோபம் வந்தது. ஆனால் கோபம் நிற்கவில்லை. பிள்ளை கவர்ன்மென்ட் ஹைஸ்கூலில் வாத்தியாராக உட்கார்ந்து கடிதம் எழுதுகிறான் என்ற நினைப்பு அதைத் தள்ளிவிட்டது. அப்பாடா என்று இருக்கிறது. இந்த ஆறேழு மாதம் நான் பட்ட பாடு உனக்கு முழுதாகத் தெரியாது. அதைச் சொன்னால்தான் நீ கேட்டதற்கு என் பதிலும் விளங்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்கு இந்தப் பேச்சு எங்கேயிருந்து வந்தது என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. பிறக்கும்போதே அம்மா கம்யூனிசம் பேசிக்கொண்டுதான் பிறந்தாள் என்று நினைத்திருப்பாய். அப்படி இல்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஊரில் பெண்கள் ரவிக்கை போட ஆரம்பித்திருந்தார்கள். ஆண் தையல்காரரிடம் போய் நிற்கக் கூச்சம். எனக்குக் கொஞ்சம் தையல் தெரியும் என்பதால் அப்பா ஒரு கை மெஷின் வாங்கிப் போட்டார். ரவிக்கைக்கு முதலில் காகிதத்தில் வெட்டிப் பார்க்க வேண்டும். அதற்குக் கடைத்தெருவில் பழைய பேப்பரை எடைக்கு வாங்கி வருவேன். யார் படித்துவிட்டுப் போட்டதோ, அதற்குள் கட்சிப் பத்திரிகை நிறைய வரும். கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, வெட்டுவதற்கு முன்னால் ஒரு ஓட்டம் படிப்பேன். முதலில் பொழுதுபோக்குக்குத்தான். பிறகு வெட்ட மனசு வராமல் போயிற்று. உழுகிறவனுக்கே நிலம் ஏன் என்று ஒரு கட்டுரை, அதை நான் வெட்டிய பிறகுதான் படித்தேன். முக்கியமான இடம் அக்குள் வளைவில் போய்விட்டது. அதற்குப் பதிலைத் தேடி அடுத்த வாரம் மறுபடி பேப்பர் வாங்கினேன். நான் படித்த கல்லூரி அதுதான்.

படித்ததை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. என்னிடம் வருகிறவர்கள் பெண்கள். அளவெடுக்கும்போது கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவள் எங்கே போவாள்? தோளில் டேப்பை வைத்தேன் என்றால் ருஷ்யாவில் ஆரம்பிப்பேன், இடுப்புக்கு வருவதற்குள் நம் ஊர் பஞ்சு ஆலைக்கு வந்துவிடுவேன். கரிவலம்வந்தநல்லூரில் இருந்து பருத்தி எடுக்கப் போகிற ஒருத்தி வருவாள், பேச்சி என்று பேர். அவளிடம் ஒரு நாள் ருஷ்யாவைப் பற்றி வெகுநேரம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அங்கன பொம்பளைங்க ரவிக்கை போடுவாளுவளாக்கா?" என்றாள். அங்கே குளிர் அதிகம், கோட்டுத்தான் போடுவார்கள் என்றேன். "அப்ப உனக்கு அங்கன பிழைப்பு இல்ல. நீ இங்கனயே இரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். இன்னொரு நாள் பேச்சு மும்முரத்தில் ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கையில் முதுகை முன்னாலும் முன்பக்கத்தைப் பின்னாலும் வைத்துத் தைத்துவிட்டேன். அவள் அம்மா வந்து, "சமுதாயத்தைப் பொறவு மாத்து, முதல்ல இதை மாத்தித் தா" என்று மெஷின்மேல் வீசிவிட்டுப் போனாள். அப்படியும் வாய் நிற்கவில்லை. கட்சிக்குத் தடை போட்டிருந்த காலத்தில் ஆண்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். தேரடியில் கூட்டம் கிடையாது, டீக்கடையில் பேச்சு கிடையாது. என் வீட்டில் மட்டும் அது நடந்துகொண்டே இருந்தது. அளவெடுக்கிற வீட்டை யார் எட்டிப் பார்ப்பார்கள்?

நீ பேசிய விதம் வேறு. அதையும் சொல்லத்தான் வேண்டும், கோபிக்காதே. திருநெல்வேலியில் படிக்கப் போய் முதல் லீவுக்கு வந்தவன், ஆடித்தபசு அன்றைக்குக் காலையில், கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவை வாசலில் மறித்துக்கொண்டு நின்றாய். சாமி என்பது பணக்காரன் கட்டி வைத்த ஏமாற்று என்று தெருவுக்கே கேட்கப் பேசினாய். நீ சொன்னதில் பாதியை நானே உனக்குச் சொல்லிக் கொடுத்தவள்தான். ஆனாலும் அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பா நீ முடிக்கிற வரைக்கும் நின்று கேட்டார். பிறகு, "ஏலே, சிவனும் பெருமாளும் ஒரே உடம்புல ஆளுக்குப் பாதியா நிக்கிற ஊரு இது. ஒரு வீட்டுக்குள்ள நீயும் நானும் நிக்க முடியாதா?" என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. நீ அன்று முழுவதும் சாப்பிடவில்லை. நானும் உன்னைச் சமாதானம் செய்யவில்லை. ஜெயிக்கிறதற்காகப் பேசினால் எதிரே நிற்கிறவன் தோற்றுப்போக மாட்டான் மக்கா, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். இப்போது நீ வாத்தியார். உன் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் எழுந்து போக முடியாது. கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவளிடம் பேசிப் பேசி எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது, அவள் கேட்டுக்கொண்டு நிற்பதையே சம்மதம் என்று எடுத்துக்கொள்வது. நீ அப்படி எடுத்துக்கொள்ளாதே. உன் கட்சியைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே, உன்னோடு சரிக்குச் சரி நின்று சண்டை போடக்கூடியவனிடம் பேசு.

எனக்கு அப்படி ஒரே ஒருத்திதான் வாய்த்தாள். பண்ணைவீட்டு அக்காவைச் சொல்கிறேன். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் காடு வைத்திருக்கிறவர்கள். அந்த வீட்டு அம்மா நம் தெருவுக்கு வந்து, நம் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று அளவு கொடுப்பதே பெரிய விஷயம் என்று ஊர் பேசும். நான் எதைச் சொன்னாலும் அவள் ஒன்று எதிர்த்துச் சொல்வாள். நிலத்தைப் பங்கு வைக்க வேண்டும் என்பேன். "பங்கு வச்சா அடுத்த வருசமே வித்துத் தின்னுருவானுவ" என்பாள். கை வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்து சண்டை போடுவாள். அவள் பண்ணையில் அப்போது இரண்டு மரக்கால் இருந்தன. வெள்ளாமையைப் பண்ணைக்கு அளந்து போட ஒன்று, வேலை செய்தவர்களுக்குக் கூலித் தானியம் அளக்க ஒன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கூலி மரக்காலுக்குள் மட்டும் அடியில் ஒரு பலகையை ஏற்றி அடித்திருப்பார்கள். நிரப்பி அளந்தாலும் குறைவாகத்தான் விழும். களத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஒரு நாள் அவளுக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது எனக்குத் திடீரென்று தோன்றியது. டேப்பை அவள் கண்ணுக்கு முன்னால் நீட்டினேன். "அக்கா, எங்கிட்ட இருக்கது இந்த ஒரு டேப்புதான். உங்க ரவிக்கைக்கும் இதுதான், உங்க காட்டுல கம்பு அறுக்கவ ரவிக்கைக்கும் இதுதான். உங்களுக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணுன்னு நான் வச்சிருந்தா என்னை என்ன சொல்லுவீய?" என்று கேட்டேன். அவள் முகம் கறுத்துவிட்டது. கையைக் கீழே போட்டாள். "உன் வாய்க்கு ஒரு நாள் போலீசு வரும் பாரு. வரலைன்னா நானே சொல்லி அனுப்புதேன்" என்று சொல்லிவிட்டு, துணியையும் எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டாள். அந்த வருஷம் தீபாவளி வரைக்கும் வரவில்லை. வந்தபோது நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. அடுத்த அறுவடையில் அந்தப் பண்ணையில் பலகை அடித்த மரக்காலைக் காணோம் என்று பேச்சி வந்து சொன்னாள். விவசாயச் சங்கத்துக்குப் பயந்து பண்ணையார் இறங்கி வந்துவிட்டார் என்று நம் ஆட்கள் எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் சந்தோஷம். நானும் அப்படியே நம்பினேன்.

இப்போது போலீஸ் வந்த கதைக்கு வருகிறேன். 'போலீஸ் வந்தார், விசாரித்தார், போனார்' என்று மட்டும்தான் உனக்கு எழுதினோம். வாத்தியார் வேலைக்கு உன்னை எடுத்தாயிற்று, ஆனால் போலீஸ் ரிப்போர்ட் வந்த பிறகுதான் ஆர்டர் என்று நீ பாளையங்கோட்டையில் இருந்து எழுதியிருந்தாய். வீட்டில் யாராவது கம்யூனிஸ்ட் என்று தெரிந்தால் பேரை அடித்துவிடுவார்கள் என்று உன் சிநேகிதன் ஒருவனுக்கு நடந்ததையும் எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் வந்த மறு வாரமே ஒரு மத்தியானம் ஏட்டையா வந்து நின்றார். அப்பா சாப்பிட வந்திருந்த நேரம். ஏட்டையா பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் தலைக்கு நேர் மேலே, ஆணியில் என் காகித வெட்டுக்கள் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன. முக்கால்வாசி கட்சிப் பத்திரிகை. தடை எடுத்து ரொம்ப நாளாயிற்று என்றாலும் போலீஸ்காரர் பார்வை மாறியா விட்டது? நல்ல வெயில். மனுஷன் வியர்வையைத் துடைத்துவிட்டு, மேலே கை நீட்டி அதில் ஒன்றை உருவி விசிறிக்கொள்ள ஆரம்பித்தார். ரவிக்கை முதுகுக்கு வெட்டி வைத்த துண்டு. 'தொழிலாளர்களே' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அது என் கண்ணுக்கு முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்துகொண்டிருந்தது. நான் மோர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அவர் கேட்டதெல்லாம் அப்பாவைப் பற்றித்தான். ஆலையில் கணக்கெழுதுகிறவர், தொழிலாளிகளோடு பழக்கம் உண்டா, கூட்டத்துக்குப் போவாரா என்று கேட்டார். "கோயிலுக்குப் போவாரு" என்றேன். வெளியூர் ஆட்கள் வந்து தங்குகிறார்களா என்று கேட்டார். உன் சித்தப்பா தபசுக்கு வருவார் என்றேன். பையன் எப்படி என்றார். படிப்புத் தவிர ஒன்றும் தெரியாது என்று கூசாமல் சொன்னேன். இந்த வீட்டில் பேசுவது யார் என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார், ஆனால் என்னைக் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று ஒரு பக்கம் மனசு அடித்துக்கொண்டது. இன்னொரு பக்கம், சொன்னால் சிரிப்பாய், எரிச்சலாகவும் இருந்தது. இந்த ஊரில் கட்சி பேசியவள் நான், விசாரணை இந்த மனுஷனுக்கா? எழுந்திருக்கும்போது ஏட்டையா, "உங்களை நல்லாத் தெரிஞ்ச பெரிய மனுசங்க யாரும் உண்டுமா? ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிருதேன்" என்றார். நான் கோயில் குருக்கள் பேரைச் சொல்ல வாயெடுப்பதற்குள், வாயே திறக்காத உன் அப்பா திறந்தார். "பண்ணைவீட்டுல கேளுங்க. இவகிட்டதான் அந்த அம்மா ரவிக்கை தைக்காவ" என்றார். உதவி செய்கிறாராம். வருஷத்துக்கு ஒரு தடவை பேசுகிற மனுஷன், பார்த்து அந்த இடத்திலா பேச வேண்டும்?

ஏட்டையா போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 'நானே சொல்லி அனுப்புதேன்' என்று அவள் சொன்னது காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. உன் படிப்பு, நீ விளக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டது எல்லாம் அந்த ஒருத்தி வாயில் இருக்கிறது என்று தோன்றியது. என் வாயால் பிள்ளை கெட்டான் என்று நாளைக்கு ஊர் சொல்லும். ஊர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். அன்றைக்கு வாயை மூடினேன். ஆணியில் தொங்கிய வெட்டுக்களை எல்லாம் அடுப்பில் போட்டுவிட்டு, வெள்ளைத்தாள் வாங்கி வெட்டினேன். அளவெடுக்கும்போது, "மூச்சை இழு", "கையைத் தூக்கு", இந்த இரண்டைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. பெண்கள் பயந்துபோனார்கள். எவளோ எனக்குச் செய்வினை வைத்துவிட்டாள் என்று பேச்சி கோயில் புற்றுமண்ணைக் கொண்டுவந்து நெற்றியில் அப்பிவிட்டாள். ஒரு நாள் சாயங்காலம் அப்பாவே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எதாவது பேசேன். வீடு வீடு மாதிரியே இல்ல" என்றார். இத்தனை வருஷமும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பிறகு உன் ஆர்டர் வந்தது. தபால்காரர் சொன்னபோது அப்பா கோயிலுக்கு ஓடினார், நான் மெஷின்மேல் தலையைக் கவிழ்த்து அழுதேன். நீ ரயில் ஏறுகிறவரைக்கும்கூட எனக்கு நம்பிக்கை இல்லை, யாராவது வந்து இறக்கிவிடுவார்களோ என்று பிளாட்பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில் கிளம்பிய பிறகுதான் மூச்சு விட்டேன். ஆனாலும் பேச்சு திரும்பி வரவில்லை. பண்ணைவீட்டு அக்கா என்ன சொன்னாள், அல்லது என்ன சொல்லாமல் விட்டாள் என்று தெரியாமல் எப்படிப் பேசுவது? அவள் வீட்டுப் பக்கமே நான் போகவில்லை.

நேற்று மத்தியானம் அவளே வந்தாள். துணியைக் கொடுத்தாள், கண்ணாடி முன்னால் நின்றாள். நான் அளவெடுத்தேன். முடியப்போகும்போது, "ஏட்டி, பிள்ளைக்கு வேலை கிடைச்சதும் பெரிய மனுசி ஆயிட்டியோ? வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்றாள். நான் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தேன். "அன்னைக்கு ஏட்டு வந்தாருல்லா. நான் என்ன சொன்னேன்னு நீ கேக்கவே இல்லையே" என்றாள்.

"கேக்கப் பயமா இருந்துச்சுக்கா."

"உள்ளதைத்தான் சொன்னேன். அவ வீட்டுக்காரரு பாவம், கோயிலே கதின்னு கிடக்காரு. பையன் படிக்க பிள்ளை. பேசுதது அவதான்னு சொன்னேன்."

அவள் கண்ணாடியைப் பார்த்தபடியே தொடர்ந்தாள். "எங்கிட்டயும்தான் பேசினா. அவ பேசினதைக் கேட்டுட்டுத்தான் எங்க பண்ணைக் கூலி மரக்காலை நான் அடுப்புல வச்சேன். வீட்டு ஐயா ரெண்டு நாளு எங்கிட்டப் பேசல. இதையும் எழுதிக்கிடும் ஏட்டையா, முதல்ல எங்க பண்ணைப் பேரை எழுதும், அதுக்குக் கீழ அவ பேரை எழுதும்னு சொன்னேன். மனுசன் பேனாவை மூடிப் பையில வச்சுட்டு, கொஞ்சம் மோர் கிடைக்குமான்னு கேட்டாரு."

மக்கா, கேட்டாயா? போலீசிடம் சொல்வேன் என்றாள், சொல்லியே விட்டாள். அதுதான் உன் வேலையைக் காப்பாற்றியிருக்கிறது. சங்கம் மாற்றியது என்று நாங்கள் எல்லாரும் கொண்டாடியதை இவள் தன் அடுப்படியில் வைத்து ஒற்றை ஆளாகச் செய்திருக்கிறாள். செய்துவிட்டு, இத்தனை நாளும் என் முன்னால் உட்கார்ந்து என்னை எதிர்த்தே பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "ரொம்பப் பூரிச்சிராத. உன் கட்சிக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். நிலத்தையும் பங்கு வைக்க விடமாட்டேன்" என்றாள். பிறகு கையை உருவிக்கொண்டு, அளவுதான் முடிந்துவிட்டதே என்று கிளம்பாமல், பெஞ்சில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "ஆறு மாசமா எங்கிட்டச் சண்டை போட ஆளு இல்ல. அந்த நிலம் பங்கு வைக்கத முதல்ல இருந்து சொல்லு, பாப்போம்" என்றாள்.

பேசினேன், மக்கா. விளக்கு வைக்கிற வரைக்கும் பேசினேன்.

அம்மா